சாய்கோட்டின் பயணம்: பாரிசிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ஒவ்வொரு ரயிலும் இரண்டு இடங்களில் ஓடுகிறது. ஒன்று, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வடக்கே நீளும் தண்டவாளம். மற்றொன்று ரயில்வே கண்ட்ரோல் அலுவலகத்தின் சார்ட். அதில் நேரம் இடமிருந்து வலமாக நகர்கிறது. நிலையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ரயில் என்பது அங்கே ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான்.

இதே கோடு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் ‘இயக்கம்’ பாடத்திலும் வருகிறது. தொலைவு–காலம் வரைபடம், திசைவேகம்–காலம் வரைபடம், சாய்வு, பரப்பு. தினமும் புறநகர் ரயிலில் வந்துபோகும் பிள்ளைகளே இந்தக் கேள்விகளில் தடுமாறுகிறார்கள். இது அவர்களுடைய குறையல்ல. உலகத்தின் பெரிய மூளைகளே இந்தக் கோட்டை முழுமையாக எட்டப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டன. அந்தக் கோட்டின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அதைப் படிப்பதும் எளிதாகும்.

பிறந்தது வேகம்தான், தொலைவல்ல

1330களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த சில அறிஞர்கள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பொருளின் வேகம் சீராகக் கூடிக்கொண்டே போனால், குறிப்பிட்ட நேரத்தில் அது எவ்வளவு தூரம் போகும்? தொடக்க வேகத்துக்கும் இறுதி வேகத்துக்கும் நடுவிலுள்ள வேகத்தில் சீராகப் போயிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்குமோ, அவ்வளவே போகும் என்பது அவர்கள் கண்ட விடை. சொற்களாலேயே அதை நிறுவினார்கள்.

அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தவர் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஓரெம். பாரிசின் நவார் கல்லூரியில் இருந்தவர். பின்னாளில் லிசியூ நகரின் பிஷப் ஆனவர். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் எழுதிய நூலில், நேரத்தைக் கிடைக்கோடாக வைத்தார். ஒவ்வொரு கணத்திலும் வேகம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு நிமிர்ந்த கோட்டை நிறுத்தினார். வேகம் மாறாதபோது செவ்வகம் கிடைத்தது. ஓய்விலிருந்து சீராக வேகமெடுக்கும்போது முக்கோணம் கிடைத்தது. அந்த உருவத்தின் பரப்புதான் கடந்த தூரம். பாதி உயரமுள்ள செவ்வகமும் அந்த முக்கோணமும் ஒரே பரப்பு என்பதால், மெர்ட்டன் அறிஞர்களின் விடை ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் பாடநூல் தொலைவு–காலம் வரைபடத்தை முதலில் கற்பித்து, திசைவேகம்–காலத்தை அடுத்து வைக்கிறது. வரலாற்றில் நடந்தது நேர்மாறு. வேகத்தின் வரைபடமே மூத்த பிள்ளை. ‘பரப்பு ஏன் தூரமாகும்?’ என்று இன்று ஒரு மாணவி கேட்டால், அவள் இந்தத் துறையின் முதல் கேள்வியையே கேட்கிறாள் என்று பொருள்.

1638இல் கலிலியோ தம் கடைசிப் பெருநூலில் இதே முக்கோணத்தை எடுத்தாண்டார். ஆனால் ஓரெமிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: அளவீடு. சாய்பலகையில் வெண்கலக் குண்டை உருட்டினார். ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக வடியும் நீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார். அதுவரை கற்பனை இயக்கத்தின் உருவமாக இருந்த முக்கோணம், அன்றுமுதல் உண்மையாக விழும் பொருளின் உருவமானது.

ரயில் ஏறிய கோடு

தொலைவு–காலம் கோடு பிழைப்புக்கான கருவியாக மாறியது ரயில் வந்த பிறகுதான். 1840களில் ஐரோப்பாவில் ஒரே பாதையில் பல ரயில்கள், வெவ்வேறு வேகத்தில், எதிரும் புதிருமாக ஓடத் தொடங்கின. எண்கள் நிறைந்த அட்டவணையைப் பார்த்து எந்த ரயில் எங்கே எதை எதிர்கொள்ளும் என்று கண்டுபிடிப்பது கடினம். கோடுகளாக வரைந்துவிட்டால் அவை வெட்டிக்கொள்ளும் இடமே விடை.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியென் ஜூல் மாரே 1878இல் வெளியிட்ட நூலில் பாரிஸ்–லியோன் பாதையின் ரயில் வரைபடத்தைச் சேர்த்தார். இந்த முறையை வகுத்தவர் இப்ரி என்ற பொறியாளர் என்றும் குறிப்பிட்டார். நாடித்துடிப்பையும் குதிரையின் காலடியையும் கோடாகப் பதிவுசெய்து பழகியவர் மாரே. அவர் கண்ணுக்கு ரயிலும் அப்படித்தான் தெரிந்தது. வரைபடத்தின் இடப்பக்கம் நிலையங்கள். அவற்றின் இடைவெளி உண்மையான தூரத்துக்கு ஏற்றபடி. மேலே மணிக்கணக்கு. செங்குத்துக்கு அருகே சாயும் கோடு விரைவு ரயில்; படுத்த கோடு மெதுவான ரயில்; முழுக்கக் கிடையான துண்டு, ரயில் நின்ற நேரம்.

இந்தக் கோட்டுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. எல்லா நிலையங்களிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். ஊருக்கொரு நேரம் இருந்தால் கிடை அச்சே குலைந்துவிடும். இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பெருமையான பங்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்திய ரயில்வேக்கள் தங்களுக்கென ஒரு பொது நேரத்தைத் தேடியபோது, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டன. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அமைத்த ஆய்வகம் அது. அங்கிருந்து தந்தி வழியே சென்ற சென்னை நேரம், நாடெங்கும் ரயில்வே நேரமாக நின்றது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தது. அது சென்னை நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே. இந்தியாவின் ரயில்கள் ஒரு தலைமுறைக் காலம் சென்னைக் கடிகாரத்தை நம்பி ஓடியிருக்கின்றன.

கும்மிடிப்பூண்டிப் பாதையில்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 47 கிலோமீட்டர். 1979இல் இந்தப் பாதையும் திருவள்ளூர்ப் பாதையும் மின்மயமாகின. எல்லா நிலையங்களிலும் நிற்கும் புறநகர் ரயிலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சராசரி வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதே தண்டவாளங்களில் ஆந்திரத்துக்கும் வங்கத்துக்கும் பீகாருக்கும் போகும் எக்ஸ்பிரஸ்களும் ஓடுகின்றன. எண்ணூர்த் துறைமுகம், அத்திப்பட்டு அனல்மின் நிலையம் ஆகியவற்றுக்கான கூட்ஸ் ரயில்களும் இந்தப் பக்கம்தான். வேகம் வேறு, நிறுத்தம் வேறு, முன்னுரிமை வேறு. இவற்றையெல்லாம் பொருத்தி வைப்பவர் செக்‌ஷன் கண்ட்ரோலர்.

முன்பெல்லாம் அவர் முன்னால் பெரிய சார்ட் விரிந்திருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் கண்ட்ரோல் போனில் ரயில் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் சொல்லச் சொல்ல, புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். ரயில் வகைக்கு ஒரு நிறம். இப்போது ரயில்வேயின் கணினி மென்பொருள் அந்தக் கோடுகளைத் திரையில் வரைகிறது. கருவி மாறினாலும் வரைபடத்தின் இலக்கணம் இப்ரி காலத்ததுதான்.

அதன் பயனை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒரு கூட்ஸ் 9 மணிக்கு மீஞ்சூரை விட்டு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வடக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் எக்ஸ்பிரஸ் 9.10க்கு மீஞ்சூரை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகளையும் நீட்டினால் 9.20க்கு, மீஞ்சூரிலிருந்து 13 கிலோமீட்டர் சொச்சத்தில், பொன்னேரியைத் தாண்டிய இடத்தில் அவை வெட்டும். ஒரே தண்டவாளத்தில் அந்த வெட்டுப்புள்ளி நடக்கவே கூடாதது. ஆகவே அதற்கு முன்பாக, லூப் லைன் எனும் பக்கத் தண்டவாளம் உள்ள ஒரு நிலையத்தில் கூட்ஸை ஒதுக்க வேண்டும். கூட்ஸின் கோடு அங்கே கிடையாகப் படுக்கும். எக்ஸ்பிரஸின் கோடு அதைக் கடந்து போகும். பிறகு கூட்ஸின் கோடு மீண்டும் சாயத் தொடங்கும். நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே காட்டுவதுதான் இந்தக் கோட்டின் பெருமை.

திசையும் இதில் தெளிவாகும். கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயிலின் கோடு ஒரு பக்கம் சாய்ந்தால், சென்ட்ரலுக்குத் திரும்பும் ரயிலின் கோடு மறுபக்கம் சாயும். சாய்வின் குறி மாறிவிட்டது. இயற்பியலில் இதுவே எதிர்த் திசைவேகம். போய்த் திரும்பிய ரயில் கடந்த தொலைவு 94 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சி சுழியம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, இந்த ஒரு வரைபடத்தைக் காட்டிவிடலாம்.

கோட்டுக்கு எல்லையும் உண்டு. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் மெயின் லைனில் நேராகப் போயிருக்க வேண்டியது. ஆனால் லூப் லைனுக்குள் நுழைந்து அங்கே நின்றிருந்த கூட்ஸ் மீது மோதியது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. தொலைவு–காலம் வரைபடத்தில் பத்திரமாகக் கடந்து போவதற்கும் மோதலுக்கும் புள்ளி ஒன்றேதான்: அதே நிலையம், அதே நேரம். எந்தத் தண்டவாளம் என்பதை இரண்டு அச்சுகளும் சொல்வதில்லை. அந்த வேறுபாட்டைக் காப்பவை தண்டவாளத்தை மாற்றும் பாயிண்டும், சிக்னலும், இரண்டையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங்கும். வரைபடம் எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்வதில்லை என்பதையும் கற்பிப்பதே முழுக் கல்வி. விபத்து நடந்த பிறகு விசாரணைக்கு உதவுவதும் ஒரு வரைபடமே. எஞ்சினில் உள்ள வேகப் பதிவுக் கருவியின் வேகம்–காலம் பதிவைப் பார்த்தால், பிரேக் எப்போது பிடித்தது, வேகம் எப்படி இறங்கியது என்று தெரிந்துவிடும்.

தொழிற்சாலைக்குள்

ரயிலை விட்டு இறங்கி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போனாலும் கோடு கூடவே வருகிறது. கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்கும், கம்பி உருட்டும் ஊர். கூரைக்கடியில் நகரும் இ.ஓ.டி. கிரேன் டன்கணக்கான சுமையைத் தூக்கிச் செல்லும்போது, திடுமெனக் கிளம்பினால் சுமை ஊசலாடும். அதனால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில் ‘ரேம்ப் டைம்’ என்று ஓர் எண்ணைப் பதிக்கிறார்கள். சுழியத்திலிருந்து முழு வேகத்தை எத்தனை விநாடியில் எட்ட வேண்டும் என்பதே அது. வேகம்–காலம் வரைபடத்தின் சாய்வைத்தான் அந்த டெக்னீஷியன் விரலால் அமைக்கிறார். நேரத்தைக் கூட்டினால் சாய்வு குறையும், முடுக்கம் குறையும், சுமை அமைதியாகப் போகும்.

திருவள்ளூர்ப் பக்கம் கார். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே அமைத்த ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. இப்போது அங்கே சித்ரோயன் கார்கள் உருவாகின்றன. எந்தக் காரானாலும் புகை அளவுக்கான சான்று பெற ஒரு சோதனை உண்டு. இந்தியாவில் அதற்காக வகுத்த ஓட்டச் சுழற்சி 1180 விநாடி நீளமுள்ள ஒரு வேகம்–காலம் வரைபடம். முதல் பகுதி நகர ஓட்டம்: 195 விநாடிக் கோலம் நான்கு முறை வரும், வேகம் 50 கி.மீ.யைத் தாண்டாது. அடுத்த 400 விநாடி புறநகர் ஓட்டம். உச்சம் 90 கி.மீ. கார் உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே ஓடும். ஓட்டுநர் எதிரே உள்ள திரையில் கோடு நகர்ந்து வர, அவர் அதை ஒட்டியே ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மிதிக்க வேண்டும். வழக்கமாக இயக்கத்திலிருந்து கோடு பிறக்கும். இங்கே கோட்டிலிருந்து இயக்கம் பிறக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்தை உணர்ந்து படித்தவருக்கு அந்த இருக்கை அந்நியமாக இருக்காது.

வகுப்பறையில் தடுக்கும் இடங்கள்

இவ்வளவு பயன்பட்ட கோடு, பள்ளிக்கூடத்தில் ஏன் புரியாமல் போகிறது? இதை ஆழமாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் லில்லியன் மெக்டெர்மாட். இயக்க வரைபடங்களில் மாணவர்களின் இடர்ப்பாடுகள் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் வழிகாட்டி. அதன்பின் 1994இல் ராபர்ட் பைக்னர், இந்தப் புரிதலை அளக்கவே ஒரு தேர்வை உருவாக்கினார். ஆய்வுகள் காட்டிய தவறுகள் ஊர், மொழி பார்ப்பதில்லை. பொன்னேரி வகுப்பறையிலும் அவற்றைப் பார்க்கலாம்.

முதல் தவறு, வரைபடத்தைப் பாதையின் படமாக எண்ணுவது. கோடு மேலே ஏறினால் ரயில் மேட்டில் ஏறுகிறது என்று நினைப்பது. கும்மிடிப்பூண்டிப் பாதை கடலோரச் சமவெளி. அங்கே ஏற மேடே இல்லை. ஆனாலும் வரைபடத்தில் கோடு ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது, உயரத்தையும் சாய்வையும் குழப்புவது. தொலைவு–காலம் வரைபடத்தில் ‘எது வேகமானது?’ என்று கேட்டால், உயரத்தில் இருக்கும் கோட்டைக் காட்டுவது. உயரம் சொல்வது எங்கே என்பதை. சாய்வு சொல்வது எவ்வளவு வேகம் என்பதை. இதன் மறுமுகத்தை மெக்டெர்மாட் குழு 1980லேயே கண்டது. இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கும் கணத்தில் அவற்றின் வேகமும் ஒன்றே என்று பலர் நம்புகிறார்கள். எக்ஸ்பிரஸும் கூட்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கணம் ஓவர்டேக் நடக்கும் கணம். வேகம் சமமாக இருந்தால் ஓவர்டேக்கே நடக்காது.

மூன்றாவது, ஒரே பயணத்துக்குத் தொலைவு–காலம், வேகம்–காலம், முடுக்கம்–காலம் ஆகிய மூன்று வரைபடங்களும் ஒரே வடிவத்தில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது. இதைத் தீர்க்க, கண்ட்ரோல் சார்ட்டில் நேராகத் தெரியும் கோட்டின் ஒரு சிறு துண்டைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் புறநகர் ரயிலை எண்களோடு எடுத்துக்கொள்வோம். முதல் 40 விநாடியில் ஓய்விலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. அடுத்த 100 விநாடி அதே வேகம். கடைசி 25 விநாடியில் பிரேக் போட்டு நிற்கிறது.

வேகம்–காலம் வரைபடம் ஒரு சரிவகம். அதன் பரப்பைப் பகுதி பகுதியாகக் கூட்டினால் 400, 2000, 250. ஆக 2650 மீட்டர். தொலைவு–காலம் வரைபடமோ முதலில் மெல்ல மேல்நோக்கி வளைந்து, நடுவில் நேராகி, கடைசியில் படுத்துவிடும். முடுக்கம்–காலம் வரைபடம் மூன்று படிகள்: +0.5, சுழியம், –0.8. கூட்டத்தில் கைப்பிடி பிடித்து நிற்பவர் உடம்பு முதலில் பின்னால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் முன்னால் தள்ளப்படுவது இந்த மூன்றாவது வரைபடத்தின்படிதான். முடுக்கம் கண்ணுக்குத் தெரியாதது, உடம்புக்குத் தெரிந்தது. தினமும் நின்றபடி பயணம் செய்யும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் மிகக் கடினமான பகுதி ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதை ஆசிரியர்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

இனி போக வேண்டிய இடம்

1990இல் அமெரிக்க ஆசிரியர்கள் ரொனால்ட் தார்ன்டனும் டேவிட் சோகலாஃபும் ஒரு வழியைக் காட்டினார்கள். மாணவர் ஒலியலைக் கருவியின் முன் நடப்பார். அவர் நடக்க நடக்கத் திரையில் வரைபடம் உருவாகும். தம் காலடியே கோடாவதைப் பார்த்தவர்களின் புரிதல் வெகுவாக உயர்ந்தது. கருவி இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். தாழ்வாரத்தில் மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒருவர் விநாடிக்கு ஒரு கைதட்டு. கரும்பலகையில் ஒரு வரைபடம். அதன்படி ஒரு மாணவி நடக்க வேண்டும், மற்றவர்கள் சரிபார்க்க வேண்டும். கிடைக்கோடு வரும்போது அவள் நிற்க வேண்டும். கோடு இறங்கும்போது திரும்பி நடக்க வேண்டும். செங்குத்துக் கோடு வந்தால் நடக்கவே முடியாது என்று அவளே சொல்வாள், ஏனென்றால் ஒரே கணத்தில் இரண்டு இடங்களில் இருக்க யாராலும் முடியாது.

அடுத்த படி, ரயில் கால அட்டவணை. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பள்ளிகளில் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து, காலை 6 முதல் 10 வரையிலான ரயில்களை ஒரே வரைபடத்தாளில் வரையட்டும். எது வேகமான ரயில், எது எங்கே எதைக் கடக்கிறது, எந்த நிலையத்தில் நெடுநேரம் நிற்கிறது என்று அவர்களே சொல்லட்டும். சூத்திரத்துக்கு முன் கதை வரட்டும். தேர்விலும் ‘சாய்வைக் கணக்கிடுக’ என்பதோடு ‘இந்தக் கோடு சொல்லும் பயணத்தை ஐந்து வரியில் எழுதுக’ என்ற கேள்வி இடம்பெற வேண்டும். கணக்குப் போடத் தெரிந்தும் கோட்டைப் படிக்கத் தெரியாத மாணவரை அந்த ஒரு கேள்வி வெளிக்கொண்டுவரும். அவருக்கு எங்கே உதவி தேவை என்பதையும் காட்டும்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் டிரைவில் எண் பதிப்பார்கள். சிலர் லோகோ பைலட் ஆவார்கள். சிலர் கண்ட்ரோல் அலுவலகத்தில் திரை முன் அமர்ந்து, ஒரு கூட்ஸை எந்த நிலையத்தில் ஒதுக்குவது என்று இரண்டு நிமிடத்தில் முடிவெடுப்பார்கள். அந்த முடிவுக்கான பயிற்சி ஒன்பதாம் வகுப்பின் ஒரு வரைபடத்தாளில் தொடங்குகிறது. அதை மதிப்பெண்ணுக்கான இரண்டு சூத்திரங்களாகச் சுருக்கிவிடாமல் கற்றுக்கொடுப்பது அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.